எழுதாம விட்டவரு கோழையா?

கேள்வி: சார், சீன எழுத்தாளர் ஷென் சொங்வென் எழுதின 'எல்லை நகரம்' இங்கிலீஷ்ல படிச்சேன், அந்தப் படகோட்டித் தாத்தாவும் பேத்தியும் இன்னும் மனசுலயே நிக்கிறாங்க. ஆனா 1949க்கு அப்புறம் அவர் கதை எழுதுறதையே விட்டுட்டார்னு தெரிஞ்சதும் மனசு விட்டுப்போச்சு. பயந்து பேனாவ மூடி வெச்சவர எப்படி சார் கொண்டாடுறது?
- ஒரு கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, மொதல்ல கம்யூனிஸ்ட்கள் சீனாவுல ஆட்சியப் பிடிச்ச அந்த 1949ஐ ஒட்டி என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1948லயே குவோ மோருவோ, கம்யூனிஸ்ட் பக்கம் ரொம்பப் பெரிய இலக்கியப் புள்ளி, இவரப் பிற்போக்குவாதின்னு திட்டி ஒரு கட்டுரை எழுதிட்டார், இவர் எழுத்து 'இளஞ்சிவப்பு'ன்னு வேற முத்திரை, அதாவது காமக் கதை எழுதுறவராம். 1949 ஆரம்பத்துல அதையே பெருசா எழுதி, இவர் பாடம் நடத்துன பீக்கிங் பல்கலைக்கழகத்துலயே ஒட்டினாங்க மாணவர்கள். உங்க வயசுப் பசங்கதான். மனுஷன் நொறுங்கிப் போய் மார்ச்ல உயிரையே விடப் பாத்தார், நல்லவேளை காப்பாத்திட்டாங்க. 1953ல பதிப்பகத்துலருந்து தகவல் வருது, உங்க புத்தகங்களுக்குக் காலம் போச்சு, பிரதிகளையும் அச்சுத் தகடுகளையும் அழிச்சாச்சுன்னு. அந்தப் பக்கம், கம்யூனிஸ்ட்கள்கிட்ட தோத்துப் போன தேசியவாதிகள் ஆண்ட தைவான்லயும் தடை. ரெண்டு பக்கமும் கதவச் சாத்தினா எங்க போவார் சொல்லுங்க?

விடாம எழுதினவங்களாவது தப்பிச்சாங்களா? 'மக்கள் கலைஞர்'னு பட்டம் வாங்கின நாவலாசிரியர் லாவோ ஷவ 1966 ஆகஸ்ட்ல, மாவோவோட கலாச்சாரப் புரட்சி தொடங்கின சமயம், செங்காவலர்கள்னு சொல்ற மாணவர் படை அடிச்சு அவமானப்படுத்துச்சு, ரெண்டு நாள்ல அவர் உடல் ஏரியில கெடைச்சுது.

ஷென் பெய்ஜிங்ல வரலாற்று மியூசியத்துல வேலைக்குப் போனார். பழைய பட்டுத் துணி, கண்ணாடி, பாத்திரம்னு ஒவ்வொண்ணுக்கும் சின்னச் சின்ன குறிப்பு எழுதி ஒட்டுறது, பாக்க வர்றவங்களுக்கு நின்னு விளக்கிச் சொல்றது. அப்புறம் பண்டைக்கால சீன உடைகள் பத்தி ஒரு பெரிய ஆராய்ச்சி, 1964ல தொடங்குனது, கலாச்சாரப் புரட்சி வந்து நடுவுல அவரையே ஹூபெய் கிராமத்துக்கு அனுப்பிட்டாங்க, அப்பவும் விடல, கடைசியா 1981ல ஹாங்காங்ல புத்தகமா வந்துச்சு. படகோட்டியையும் சிப்பாயையும் அவ்ளோ அன்பா பாத்த அதே கண்ணுதான் பேர் தெரியாத நெசவாளியோட துணியையும் பாத்துச்சுன்னு நான் நம்புறேன். வராமலே போன நாவல்கள நெனச்சா எனக்கும் வலிக்குது தம்பி, ஆனா அந்தப் பழிய அவர் தலைல போட எனக்கு மனசு வரல.

1934ல வந்த அவரோட சுயசரிதையத் தேடிப் படிங்க. மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடியே ஹுனான் பட்டாளத்துல சேந்து, கூட்டங்கூட்டமா ஆளுங்க தலைய வெட்டுறத நேர்ல பாத்த பையன் அவர். படிச்சுட்டு, கோழைன்னு இன்னமும் தோணுதான்னு எனக்கு எழுதுங்க.