இருபத்தைந்து பவுண்டுக்கு ஒரு கதை

கேள்வி: இங்கிலாந்தில் பிஎச்டி செய்கிறேன். மறதிநோய் வந்த பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் ஜூமில் ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்கிறேன். பேசுகிறவர்களுக்கு 25 பவுண்ட் வவுச்சர் என்று ஃபேஸ்புக்கில் அறிவிப்புப் போட்டதும் ஒரே ராத்திரியில் 43 மின்னஞ்சல்! ஐந்து பேரிடம் பேசி முடித்துவிட்டேன். இப்போது திரும்பக் கேட்டால் மூன்று பேர் சொன்னது ஒரே மாதிரி இருக்கிறது, கேமராவும் போடவில்லை. ஏமாந்துவிட்டேனா? - வாசகி, லீட்ஸ்

பதில்: ஏமாந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், வவுச்சருக்காகப் பராமரிப்பாளர் மாதிரி நடிக்கிறவர்கள் உண்டு. 2020-ல் கோவிட் வந்து நேர்காணல்கள் வீடியோவுக்குப் போனதிலிருந்து பல நாட்டு ஆய்வாளர்களும் இதே புலம்பல்தான். அந்த 43 மின்னஞ்சலையும் மறுபடி திறந்து பாருங்கள். ஒரே வரி, ஒரே தொனி, பெயருக்குப் பின்னால் நாலு எண் ஒட்டிய ஜிமெயில் முகவரி, இரண்டாவது மடலிலேயே வவுச்சர் எப்போது வரும் என்ற விசாரிப்பு என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கேமரா போடவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் கழித்துவிடாதீர்கள், பக்கத்து அறையில் அம்மா கத்திக்கொண்டிருக்கும் வீட்டைக் காட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

நான் ஒருகாலத்தில் சென்னையில் மார்க்கெட் ரிசர்ச்சில் இருந்தவள். எட்டுப் பெண்களை உட்கார வைத்து டீத்தூள் பற்றிப் பேசச் சொல்வோம். கடந்த ஆறு மாதத்தில் இப்படி ஏதாவது கூட்டத்துக்குப் போனீர்களா என்று முதலிலேயே கேட்போம், எட்டுப் பேரும் கோரஸாக இல்லை என்பார்கள். ஒருமுறை அந்த எட்டில் ஓர் அம்மாவை எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று யோசித்தால், போன மாதம் குழந்தை சோப்புக் கூட்டத்தில் கைக்குழந்தைக்காரியாக வந்தவர்! நான் எதுவும் காட்டிக்கொள்ளாமல், பாக்கெட்டைப் பிரித்ததும் தூளை எதில் கொட்டி வைப்பீர்கள் என்று எல்லாரையும் கேட்டேன். ஒருவர் மூடி உடைந்த ஹார்லிக்ஸ் பாட்டில் என்றார், இன்னொருவர் மாமியாரின் எவர்சில்வர் டப்பா, அதில் எறும்பு வரும் என்றார். நம்ம அம்மா மட்டும், "நல்லா தரமா இருக்கும்மா" என்றார்.

நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும். "கஷ்டமாக இருக்கிறதா" என்றால் யாரும் பதில் சொல்லிவிடலாம், இப்போது சாட்ஜிபிடியைப் பார்த்தே வாசிக்கலாம். நேற்று ராத்திரி அப்பா எத்தனை தடவை எழுந்தார், மாத்திரையை எப்படி விழுங்க வைத்தீர்கள் என்று கேளுங்கள். ஆயிரம் பேர் டிக் அடிக்கும் சர்வேயில் ஓரிரு போலிகள் கரைந்து போவார்கள், பதினைந்து பேரை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வில் மூன்று பேர் என்றால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு.

பொதுவெளி அறிவிப்பை இன்றே எடுத்துவிடுங்கள், பராமரிப்பாளர் அமைப்புகள் மூலமாக ஆள் தேடுங்கள், நேர்காணலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் போனில் பேசுங்கள். வழிகாட்டியிடம் இன்றே சொல்லிவிடுங்கள், நடைமுறையை மாற்றப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கும். அந்த மூவருக்கும் வவுச்சர் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் வழிகாட்டியிடமும் குழுவிடமுமே கேளுங்கள், ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பதிவுகளைக் கழித்தால், ஏன் கழித்தேன் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால்தான் பிரச்சினை.

கேள்வி: நானும் 500 ரூபாய்க்காக, ஆள் பிடிக்கும் ஏஜென்ட் சொன்னபடி நாலைந்து மார்க்கெட் ரிசர்ச் கூட்டத்துக்குப் போய், வீட்டில் இல்லாத பிராண்டை எல்லாம் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். தப்பா? - பெயர் வேண்டாம், தாம்பரம்

பதில்: தப்புதான். ஆனால் உங்களை விட, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய ஏஜென்ட் மேல்தான் எனக்குக் கோபம், ஆளுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியவர் அவர்தானே. அது சரி, அந்தக் குழந்தை சோப்புக் கூட்டத்துக்கு வந்தது நீங்கள் இல்லையே? எதற்கும் டீத்தூளை எதில் கொட்டி வைக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.