போர் நினைவுகளை எழுதுவோருக்கு: சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

உட்லண்ட்ஸ் வாசகி: தாத்தா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அவர் டைரியில் ஆண்டு 2603 என்று இருக்கிறது. எட்டு மணிக்கு மேல்தான் விடிந்தது என்றும் எழுதியிருக்கிறார். திருத்திப் பதிப்பிக்கலாமா?

திருத்தாதீர்கள் அம்மா, இரண்டுமே சரி. அது ஜப்பானிய ஆண்டுக்கணக்கு. 660 கழித்தால் 1943 வரும். 1942 பிப்ரவரி 16 முதல் இங்கே கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால்தான் எட்டு மணிக்குப் பிறகு விடியல். விளக்கத்தை அடிக்குறிப்பில் போடுங்கள். அடித்த வரி இருந்தால் 'அடிக்கப்பட்டுள்ளது' என்று குறியுங்கள். முதலில் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது, பசை காய்ந்து தாளையே தின்றுவிடும்.

தெம்பனீஸ்: எங்கிருந்து தொடங்குவது?

பிறந்த ஊரிலிருந்து வேண்டாம். ஒரே ஒரு நாளை எடுங்கள். இடப்பக்கம் நின்றவர் யார், தோளில் என்ன பாரம், தண்ணீர் எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று எழுதுங்கள். பிறகு மூன்று நிறப் பேனாவால் அடிக்கோடிடுங்கள்: கண்டது ஒரு நிறம், அன்றே கேட்டது இன்னொன்று, பிற்பாடு படித்தது மூன்றாவது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பின்னால் தெரிந்ததை அன்றே தெரிந்ததுபோல் எழுதாதீர்கள். 1942 பிப்ரவரி 15 மாலை புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் படையின் சரணடைவுக் கையெழுத்தானது. அது பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? இரவு எட்டரைக்குப் போர்நிறுத்தம். அவர் அறிந்ததெல்லாம் பீரங்கிச் சத்தம் நின்றுபோனது மட்டும்தான். ஏன் நின்றது என்று தெரியாத அந்த நேரம்தான் உங்கள் அத்தியாயம். கையெழுத்தை எழுத வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள்.

ஈசூன்: மிகக் கொடிய சம்பவத்தை மட்டும் பலர் இரண்டே வரியில் தாண்டிவிடுகிறார்களே, ஏன்?

நல்ல கேள்வி. முதல் காரணம், பழக்கம். முதல் உலகப்போரில் பிரான்சிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் அனுப்பிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். எழுதத் தெரியாத பலர் இன்னொருவரிடம் சொல்லித்தான் எழுதுவித்தார்கள். இரண்டு பேர் காதைத் தாண்டிப் போகும் கடிதத்தில் யார் மனம்திறப்பார்?

இரண்டாவதை வாக்கியத்திலேயே பார்க்கலாம். அதுவரை 'நான் நடந்தேன், நான் சுமந்தேன்' என்று வந்தவர் திடீரென 'நாங்கள்' என்பார், அல்லது 'மூன்று பேர் சுடப்பட்டார்கள்' என்பார். சுட்டவர் யார்? வாக்கியத்தில் இல்லை. காயம்பட்டவரை விட்டுவந்த இடத்திலும், பசியில் திருடிய இடத்திலும் இதே மாற்றம் வரும். அதற்குச் சற்று முன்னால் மழையும் பூட்ஸும் சோறும் பக்கம் பக்கமாக நீளும். பதிப்பிப்பவர் அங்கே 'மனம் உடைந்தது' என்று எதையும் இட்டு நிரப்பக் கூடாது. அந்த இடைவெளியும் அவருடைய சாட்சியம்தான்.

காலமும் வேண்டும். சிங்கப்பூரில் 1942-இல் பிடிபட்டு, ஜப்பானியரின் சயாம் ரயில்பாதையில் சித்திரவதைப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி எரிக் லோமாக்ஸின் நூல் வெளிவந்தது 1995-இல். இன்று நாம் சொல்லும் போர் அதிர்ச்சி நோய்ப்பெயர் (PTSD) அமெரிக்க மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980-இல்தான். தாத்தா 'தூக்கம் பிடிக்கவில்லை' என்று எழுதியிருந்தால் அப்படியே விடுங்கள், நோய்ப்பெயர் சூட்டாதீர்கள்.

ஜூரோங்: இறந்துபோன இரண்டு நண்பர்களை ஒரே ஆளாக்கி எழுதலாமா?

செங்காங் (குறுக்கிட்டு): எழுதினால் அது நாவல். நினைவுக்குறிப்பு என்று விற்காதீர்கள்.

ஜூரோங்: குடும்பத்தார் மனம் புண்படுமே? உரையாடலை வார்த்தை மாறாமல் யாருக்கு நினைவிருக்கிறது? அதுவும் புனைவுதானே?

செங்காங் சொல்வதில் பாதிதான் சரி. பெயரை மாற்றலாம், முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு. ஆட்களைக் கலக்கக் கூடாது. கிராஞ்சி நினைவிடச் சுவரில் கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. அவர்களில் ஒருவர் கடைசியாக எங்கே நின்றார் என்பதற்கு உங்கள் ஒரு வரியே ஆதாரமாக இருக்கலாம். இரண்டு பேரைக் கலந்தால் இரண்டு குடும்பத்துக்கும் அது போய்விடும். உரையாடலில், சத்தியம் செய்யக்கூடிய சொற்களுக்கு மட்டும் மேற்கோள் குறி. மற்றதெல்லாம் 'இன்ன பொருள்படச் சொன்னார்'.

செங்காங்: பெயரை மாற்றினால் மட்டும் அந்த ஆதாரம் போகாதா?

போகும். அதனால் உண்மைப் பெயர்ப் பட்டியலைத் தனியே எழுதி, கையெழுத்திட்டு வீட்டில் வையுங்கள்.

பொங்கோல்: எப்படித் தொடங்குவது?

தெம்பனீஸுக்குச் சொன்னதுதான்.

அங் மோ கியோ: அப்பா 1971 போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர். பேசத் தொடங்கினாலே கை நடுங்குகிறது. பதிவு செய்யலாமா?

அவர் விரும்பினால் மட்டும். காலையில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல். 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள்; 'அங்கே எந்த வழியாகப் போனீர்கள்?' என்று கேளுங்கள். நடுக்கம் கூடினால் பதிவை நிறுத்தி, வீடு திரும்பிய பயணத்துக்குப் பேச்சைக் கொண்டுபோங்கள். இரவில் வேண்டவே வேண்டாம். தினம் கால் மணி நேரம், நான்கு நாள் தொடர்ந்து மனத்திலுள்ளதை எழுதும் முறை 1986 ஆய்விலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. எழுதிய உடனே மனம் இன்னும் கனக்கும், அதனால் அவரைத் தனியே விடாதீர்கள். தூக்கமின்மை நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். நெருக்கடி என்றால் எந்நேரமும் 1767 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

புக்கிட் பாத்தோக்: தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முகாம் விவரங்களை எழுதலாமா?

என் துறை இல்லை. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் இருக்கிறது. எழுதுமுன் உங்கள் படைப்பிரிவிடம் கேளுங்கள்.

பாசிர் ரிஸ்: எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் ஐயா?

மூன்றாவது முறை வருகிறது. மேலே படித்துவிட்டு, பிறகு தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேளுங்கள். எழுத்துப்படி போதாது, ஒலியையே கேளுங்கள். எந்த ஊர்ப்பெயருக்கு முன் குரல் நிற்கிறது என்று தாளில் தெரியாது.