ஏஆர்-15 ரைஃபிளின் ஃப்ரண்ட் சைட் பேஸில் இறுகிப்போன பின்களை எப்படிக் கழற்றுவது?

கேட்டவரின் நிலைமை இதுதான்: முன்பக்கக் குறிமுனையைத் தாங்கி பேரலில் (துப்பாக்கிக் குழலில்) மாட்டியிருக்கும் அந்த பேஸைப் பிடித்திருக்கும் இரண்டு பின்னும் அசையவில்லை, எண்ணெய் விட்டு நெடுநேரம் தட்டியும் பஞ்ச்தான் (பின்னைத் தள்ளும் எஃகுக் கம்பிதான்) வளைந்தது. பட்டறைக்காரன் என்ற முறையில் நான் சொல்வது: முதலில் தட்டுவதை நிறுத்துங்கள். இதற்குத் தட்டல் உதவாது, அடிதான் வேண்டும்.

காரணம், இவை நேரான கம்பிகள் அல்ல, டேப்பர் பின்கள். ஒரு முனை தடிமன், மறுமுனை ஒல்லி. சுருக்கமாக, ஆப்பு. அங்குல அளவில் வரும் டேப்பர் பின்களின் வழக்கமான சரிவு 48-க்கு 1. அப்படியென்றால் 20 மில்லிமீட்டர் நீளத்தில் விட்டம் மாறுவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் பிடிபடாது, வெர்னியர் காலிப்பருக்குத் தெரியும். ஆனால் இந்தச் சரிவே நமக்குச் சாதகமும்கூட. பின் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், சுற்றிலும் பிடி விட்டுவிடும். மீதியைச் சின்ன பஞ்சால் தள்ளிவிடலாம். ஆகவே போராட்டம் எல்லாம் அந்த முதல் அசைவுக்குத்தான். லேசான தட்டல்கள் அதைத் தராது. ஒல்லி முனையை நசுக்கி அகலமாக்கும், அவ்வளவுதான். அகலமான முனை துளைக்குள் நுழையாது. பின்னை எடுக்கப்போய் அதை ரிவெட் அடித்த கதையாகிவிடும்.

எந்தப் பக்கம் அடிப்பது? ரைஃபிளைச் சுடும் நிலையில் பிடித்தால் வழக்கமாக ஒல்லி முனை இடப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் வெளியே வரும். வழக்கத்தை மட்டும் நம்பாமல் இரு முனையையும் அளந்து பாருங்கள். மாற்றிப் போட்டவர்களும் உண்டு. தவறான பக்கம் விழும் ஒவ்வொரு அடியும் ஆப்பை இன்னும் இறுக்கும்.

அடுத்தது தாங்கல். பாதிப் பேருக்கு வேலை கெடுவது இங்கேதான். பேரலை வைஸில் கடிக்க வைத்து, பேஸ் அந்தரத்தில் நிற்க அடித்தால், அடியின் வேகம் முழுவதும் பேரலின் துள்ளலில் போய்விடும். அப்பர் ரிசீவரை (பேரல் பொருந்திய மேல்பாதியை) தனியாகப் பிரித்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துவிட்டு, பேஸின் வலப்பக்கம் பின்னைச் சுற்றிச் சமமாக உட்காரும்படி ஒரு உலோகக் கட்டை வையுங்கள். இதற்கென்றே பென்ச் பிளாக் விற்கிறார்கள். நீங்களே செய்வதானால் பின் இறங்க ஒரு துளை அவசியம். கட்டையை மேசையின் நடுவில் வைக்காதீர்கள். மேசைக்காலுக்கு நேர் மேலே வையுங்கள். பேரலின் மறுகோடியை ஒருவர் மட்டமாகப் பிடித்துக்கொண்டால் நல்லது.

பஞ்ச் குட்டையாகவும் தடியாகவும், முனை மட்டும் பின்னின் ஒல்லி முனையைவிடச் சற்றே சிறியதாகவும் இருக்கட்டும். ஸ்டார்ட்டர் பஞ்ச் என்று கேட்டு வாங்குங்கள். நீண்ட மெல்லிய பஞ்ச், பின் அசைந்த பிறகுதான் பயன்படும். சுத்தியல் ஒரு கிலோ அளவில். கண்ணாடி போட்டுக்கொண்டு, நேராக, தயங்காமல் ஒரே அடி.

அசையாவிட்டால் துருவிளக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். எண்ணெய் ஒல்லிப் பக்கத்திலிருந்து மட்டும் போகாது, இரு பக்கமும் விடுங்கள். பிறகும் பிடிவாதம் பிடித்தால் சூடு. எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்ற வைக்க வேண்டும்; அந்த எண்ணெய் தீப்பிடிக்கும். தீ பின்னில் படாமல் பேஸைச் சுற்றிப் படட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் சுர்ரென்று ஆவியாகும் சூடு போதும். இரும்பு சிவக்கும்வரை போனால் பேரலின் பதம் கெட்டுவிடும்.

துளையிடுவதைக் கடைசிக்கு வையுங்கள். பின்னில் பாதி பேஸிலும் பாதி பேரலின் அடிப்புறக் காடியிலும் உட்கார்ந்திருக்கிறது. டிரில் வழுக்கினால் போவது பேரல். டிரில் பிரஸ் இல்லாமல் கையால் முயலவே வேண்டாம். அந்த பேஸ் இனித் தேவையில்லை, வேறு கேஸ் பிளாக்தான் (பேரலிலிருந்து வாயுவை எடுக்கும் பகுதி; இந்த பேஸும் அந்த வேலையைச் செய்கிறது) போடப் போகிறீர்கள் என்றால் இத்தனை பாடும் எதற்கு? பேரலைத் தொடாமல் பேஸை அறுத்தே எடுத்துவிடலாம்.

இன்னொன்று: பின்கள் வந்துவிட்டாலும், பேரல் முனையில் ஃபிளாஷ் ஹைடர் (சுடும்போது தெறிக்கும் ஒளியைக் குறைக்கும் மூடி) இருக்கும்வரை பேஸ் முன்பக்கமாக உருவி வராது. அமெரிக்காவில் சட்டப்படியான 16 அங்குல நீளத்தை எட்டுவதற்காக அதைப் பின் போட்டு வெல்டிங் செய்த பேரல்கள் உண்டு. அதை அறுத்தால் பேரல் சட்ட அளவுக்குக் கீழே போய்விடும், எனவே முதல் அடிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வெளியே எடுத்த பின்களில் முன்னது எது, பின்னது எது என்று குறித்து வையுங்கள். துளைகள் பேரலோடு சேர்த்து ரீமர் (துளையை அளவுக்குச் சீவும் கருவி) போட்டவை, ஒரு துளைக்குரிய பின் மற்றத் துளையில் சரியாக உட்காராமல் போகலாம். திரும்பப் போடும்போது ஒல்லி முனை வலப்பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும்.