முன்சக்கரம் மிதக்கிறதே!

கேள்வி: கனமான டிரெய்லரை மாட்டியதும் காரின் பின்பக்கம் அமுங்குகிறது, ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது. எடையைப் பகிர்ந்து தரும் ஹிட்ச் (காரையும் டிரெய்லரையும் இணைக்கும் கொக்கி அமைப்பு) போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகும். முன்சக்கரத்தில் பாரம் குறைவதால்தான் ஸ்டீயரிங் லேசாகிறது. நானும் ஒருமுறை அவசரத்தில் அப்படியே கிளம்பினேன். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் கார் ஒரு நொடி நேராகவே போனது. இந்த ஹிட்ச்சின் ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோல் மாதிரி, பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும். இப்போதெல்லாம் டேப் வைத்து, முன்சக்கரத்துக்கு மேலே காரின் பாடியில் உள்ள வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்காமல் கிளம்புவதில்லை. மாட்டுவதற்கு முன் 85 செ.மீ., மாட்டியபின் 89 என்றால், கம்பியை இறுக்கி 87க்காவது இறக்குவேன். உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் பாருங்கள்.

அப்புறம், டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சில் இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். அதற்குக் கம்பியை இறுக்காதீர்கள், சாமான்களை முன்னே நகர்த்துங்கள். இந்த ஹிட்ச் போட்டதால் காரின் இழுவை வரம்பு உயராது.