கடலில் சண்டை, கரையில் தவணை

அன்புள்ள ஐயா,

கடலூரில் ஒரு வங்கியில் மகளிர் குழுக் கடன்களைப் பார்த்துக்கொள்கிறேன். தவணை தவறாமல் கட்டிவந்த ஒரு மீனவக் கிராமத்துக் குழு, பக்கத்து ஊரோடு அடிதடி ஆனதிலிருந்து கட்டவில்லை. சண்டை போட்டது ஆண்கள், அதுவும் கடலில். பெண்கள் ஏன் கட்டாமல் நிற்கிறார்கள்? இரண்டு ஊரும் ஒரே சாதி, கொண்டு கொடுத்த உறவு. ஒரு வலைக்காக வெட்டிக்கொள்கிறார்களே, படிப்பில்லாததுதான் காரணமா?

— ஆர்., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ஆர்.,

படிப்பை இதில் இழுக்க வேண்டாம். வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொள்ளும் பட்டதாரிகள் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு.

நீங்கள் சொல்லும் அந்த வலை சுருக்குமடி வலை. அது ஒரு ஆள் வாங்குகிற சாமான் இல்லை. மத்தி மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துச் சுருக்குப் பை மாதிரி மூடுகிற பெரிய வலை. படகு, இன்ஜினோடு சேர்த்தால் பல லட்சம் ஆகும். அதனால் பல குடும்பங்கள் பங்கு போடுகின்றன. பங்குக்குப் பணம் எங்கிருந்து வரும்? பெண்டாட்டி நகை அடகுக்குப் போகும், மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள், மீதிக்குத் தண்டல். உங்கள் குழுக் கடனிலும் கொஞ்சம் அங்கே போயிருக்கும். அந்த வலையை நிறுத்தினால் ஒரு தெருவே கடனில் நிற்கும். எதிரில் நிற்பவர் சின்ன ஃபைபர் படகுக்காரர். பெரிய வலை கூட்டத்தோடு வாரிக்கொண்டு போனால் அன்றைக்கு அவருக்கு டீசல் காசு தேறாது. அவர் வீட்டிலும் நகை அடகில்தான் இருக்கிறது. நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் அது ஒரே கேள்வி: வெட்டுக்குத்துக்கு முன்னால் இருப்பதும் கடன், பின்னால் வருவதும் கடன்.

தமிழ்நாட்டில் இந்த வலைக்கு 2000-லேயே தடை வந்துவிட்டது. தடை போட்டால் வட்டி நிற்குமா? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால அனுமதி தந்தது. கரையிலிருந்து 22 கிலோமீட்டர் தாண்டி யார் எங்கே வலை போட்டார் என்று அளக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் ஊர்க்காரர்களே காவலுக்குப் போகிறார்கள், அங்கேதான் கைகலப்பு. இந்த அனுமதிக்கு முன்பும் மோதல் இருந்தது. 2018-ல் கடலூரின் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் ஊர்களின் மோதலில் ஓர் உயிர் போனது. 2021 ஆகஸ்டில் புதுச்சேரியின் நல்லவாடு, வீராம்பட்டினம் ஊர்கள் மோதியபோது போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு மோதல் நடந்தால் வழக்கில் பெயர் தெரிந்த சிலரோடு 'மேலும் பலர்' என்றும் எழுதுவார்கள். அந்தப் பலரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால், சண்டைக்கே போகாதவரும் சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். படகு கரையேறிவிடும். கூடைக்காரப் பெண்ணுக்குச் சொந்த ஊர் மீன் இல்லை. முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுக்கலாம், ஆனால் அங்கே எதிர் ஊர்க்காரர்கள் நிற்பார்கள், கையில் முதலும் இல்லை. நெல்லிக்குப்பத்தில் அவரிடம் வாடிக்கையாக வாங்கும் வீடுகள் இரண்டு நாள் பார்க்கும், அப்புறம் வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ளும். அந்த வாடிக்கையைத் திரும்பப் பிடிப்பது லேசு இல்லை. நடுவில் புருஷன் பிடிபட்டிருந்தால் கேப்பர் மலை சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போகணும், வக்கீலுக்குக் கொடுக்கணும், வழக்குச் செலவுக்கு ஊரில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டால் அதையும் கட்டணும். ஜாமீனில் வந்த புருஷன் இத்தனைக்கும் ஈடுகட்ட எங்கே போவார்? வேகமாகப் பணம் பார்க்க அவருக்குத் தெரிந்தது அதே வலைதான்.

கொண்டு கொடுத்த உறவு சண்டையைத் தடுக்கும் என்று நினைக்கிறீர்கள். எதிர் ஊரிலிருந்து வாழ வந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். அண்ணன் ஒரு படகில், புருஷன் இன்னொரு படகில். தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக முடியாது. ஆடிச் சீர் வராது. இந்தப் பக்கம் மாமியார், "உங்க ஊர்க்காரன் செஞ்ச வேலையைப் பாத்தியா" என்பார். இந்த நஷ்டம் எந்த நிவாரணக் கணக்கிலும் ஏறாது.

உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. வசூலுக்குப் போகும்போது குழுத் தலைவியைத் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை வீட்டில் ஆண்கள் ஊரில் இல்லை என்று கேளுங்கள். அதை எழுதி மேலாளரிடம் கொடுத்து, அந்த வீடுகளுக்காவது தவணையைத் தள்ளிப்போட வழி இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது நெருக்கினால் உங்கள் தவணையைக் கட்ட இன்னொரு தண்டல்காரரிடம்தான் போவார்கள்.