பெரிய வீடு, பல கையெழுத்து: உத்தமபாளையத்தில் பழைய காரை வீடு வாங்கலாமா?

கேள்வி: கேரளத்தில் இடுக்கி மாவட்டம் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறோம். அம்மா, அண்ணன் தம்பி இருவர், பிள்ளைகள் என்று ஒன்பது பேர். அம்மாவுக்கு மலைக்குளிர் இனி ஒத்துக்கொள்ளாது என்பதால் கீழே வந்துவிட நினைக்கிறோம். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தில் 11 சென்டில் ஒரு பழைய காரை வீடு விலைக்கு வருகிறது. எட்டு அறை, முற்றம், கிணறு. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. மூத்த மகன்தான் விலை பேசுகிறார். பத்து லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தால் பத்திரத்தாளில் கரார் (கிரய ஒப்பந்தம்) எழுதித் தருவாராம். கொடுக்கலாமா? வீடு தாங்குமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். வீடு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்பாவின் இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று இரண்டின் நகலையும் கேளுங்கள். ஆறு வருடமாகியும் வாரிசுச் சான்றே வாங்கவில்லை என்றால், வீட்டுக்குள் இன்னும் பேசி முடிக்காத விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

கம்பம் பள்ளத்தாக்கில் எட்டு அறை வீடு ஒரே ஆள் பெயரில் சுத்தமாக இருப்பது அபூர்வம். "தங்கச்சிகளுக்கு நகை போட்டு, சீர் செஞ்சு கட்டிக்கொடுத்தாச்சு, அவங்க கையெழுத்து எதுக்கு?" என்று தரகர் சொல்வார். மூத்தவரும் மனதார அப்படித்தான் நம்புவார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்துக் குடும்பம், அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை என்றால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்து என்றாலும் மகளுக்குப் பங்கு உண்டு: தமிழ்நாட்டில் 1989-இல் மணமாகாத மகள்களுக்கு வந்தது, 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. இஸ்லாமியக் குடும்பம் என்றால் பங்கின் அளவு மாறும். மகளுக்குப் பங்கு இருப்பது மாறாது.

இறந்துபோன மகனோ மகளோ உண்டா என்றும் கட்டாயம் கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் இப்படி மாட்டிக்கொண்டது. விற்றவர்களின் நடு மகன் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அவர் மனைவி பையனைக் கூட்டிக்கொண்டு கட்டப்பனையில் தாய் வீட்டோடு போய்விட்டார். கிரயத்தின்போது பையனுக்குப் பதினான்கு வயது. அவனுக்காக அம்மாவே கையெழுத்துப் போட்டார், நீதிமன்ற அனுமதி வாங்கவில்லை. பதினெட்டு முடிந்ததும் நோட்டீஸ் வந்தது. மைனருக்கு வயது வந்தபின் மூன்று ஆண்டுவரை இப்படி வழக்குப் போட இடமிருக்கிறது. வாங்கியவர்கள் அதற்குள் மாடி எடுத்திருந்தார்கள். வாங்கிய வீட்டு அம்மாள் என் முன்னால் உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை.

வாரிசுகளில் ஒருவர் வளைகுடாவில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். கேரளத்தில் இருப்பவர் அங்குள்ள சார்பதிவாளர் முன்னிலையிலேயே பவர் எழுதலாம். ஆனால் கொடுத்தவர் இறந்தால் பவரும் செத்துவிடும். கிரயத்தன்று அவர் உயிரோடு இருப்பதற்குச் சான்று கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கரார். இடுக்கிப் பக்கம் தாளில் எழுதிக் கைமாற்றிக்கொள்வது பழக்கமாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த ஒப்பந்தமாக இருக்கட்டும். பணம் வங்கி வழியாக மட்டும் போகட்டும், அவரவர் பங்கு அவரவர் கணக்குக்கு. வீட்டு அட்வான்ஸில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஏலக்காய் விற்ற காசு கையில் இருக்கும், தெரியும். இருந்தாலும் ரொக்கம் வேண்டாம்.

பழைய தெருக்களில் அடிமனை கோயிலுக்கோ வக்ஃபுக்கோ சொந்தமாகவும், மேலே உள்ள கட்டடம் மட்டும் குடும்பத்துக்குச் சொந்தமாகவும் இருப்பதுண்டு. மூலப்பத்திரத்தில் 'மனை' என்ற சொல் எப்படி வருகிறது என்று வக்கீலை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்கும். அதில் வராத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். மூலப்பத்திரத்தில் கிணற்றுப் பாத்தியம், பொதுச்சுவர், சந்துப் பாதை என்று ஏதாவது எழுதியிருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதில் உரிமை இருக்கலாம்; கிணறு என்றால் அவரும் தண்ணீர் எடுக்கலாம்.

சரி, வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்காகத்தான் வாங்குகிறீர்கள், அதனால் ஈரத்தை முதலில் பாருங்கள். பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. 14,707 ஏக்கரில் இருபோகம் அதை நம்பித்தான். ஜூனில் திறந்து நடவு முடிந்தால் வாய்க்கால் ஓரத் தெருக்களில் கிணற்று மட்டம் ஏறும், சுவரின் அடியும் ஈரம் பிடிக்கும். பங்குனி வெயிலில் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள். ஒரு ராத்திரி மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வையுங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் உப்புப் பூத்துப் பொரிந்த இடம் கையில் உதிரும். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கி வீட்டைத் தின்னும். அந்தப் பூச்சை எடுக்கிற செலவை விலையில் கழியுங்கள்.

மட்டப்பா என்கிற தட்டைக் கூரையைத் தாங்குவது தேக்கு உத்தரங்கள். நடுவில் தட்டிப் பார்த்து 'கணீர்' என்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். உத்தரம் முதலில் உளுப்பது சுவருக்குள் நுழைகிற முனையில். ஏணி போட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரை அந்த முனையில் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரத்தில் நுனிகூட இறங்காது; கெட்ட மரத்தில் ஒரு விரல்கடை சத்தமில்லாமல் போகும். இரண்டு மூன்று முனை போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், வீட்டை இடிக்க அவசியமில்லை. எல்லா அறையிலும் அப்படி என்றால் மனை விலைக்கு மட்டும் கேளுங்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: கிரய விலை, அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதில் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. விலை 50 லட்சம் தொட்டால் விற்பவர் பணத்தில் 1% பிடித்து வருமான வரிக்கு நீங்கள் கட்ட வேண்டும். வெளிநாடுவாழ் வாரிசின் பங்கில் பிடித்தம் இன்னும் அதிகம், ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

யார் பெயரில் வாங்கப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 'அம்மா பெயரிலேயே இருக்கட்டும்' என்று பலரும் பாசத்தில் செய்வார்கள். உங்களுக்குக் கல்யாணமான அக்காவோ தங்கையோ இருந்தால், அம்மா உயில் எழுதாமல் போகும்போது அவர்களுக்கும் பங்கு வரும். கொடுப்பது உங்கள் விருப்பமென்றால் நல்லது, இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். அண்ணன் தம்பி பெயரில் என்றால், யார் எவ்வளவு போட்டார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.