கட்டிலுக்கடியில் நடுங்கும் மணி

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 44. பிறந்தது யாழ்ப்பாணம். கல்யாணமாகி 18 வருடமாகத் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். விமானப்படைத் தளத்து ஜெட் விமானங்கள் எங்கள் வீட்டுக்கு மேலேதான் போகும்.

மணி எங்கள் நாட்டு நாய், மூன்று வயது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் சண்டை நடந்தபோது வீட்டில் பகலும் இரவும் டிவி ஓடியது. செய்தியில் சைரன் ஒலித்தபடியே இருக்கும். அதிலிருந்துதான் மணிக்கு இந்தப் பயம். இப்போது ஜெட், வெடி, இடி எது கேட்டாலும் நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொள்கிறான். இல்லாவிட்டால் கட்டிலுக்கடியில். எச்சில் வடிந்து சிமெண்டுத் தரை நனைந்துவிடுகிறது.

“தடவிக் கொடுக்காதே, பயம் இன்னும் கூடும்” என்கிறார் கணவர். மாமா கொல்லையில் கட்டிப்போடச் சொல்கிறார். எனக்கோ அவனோடு சேர்ந்து கை நடுங்குகிறது. 1995 அக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்டபோது எனக்கு 14 வயது. எங்கள் நாய் ஜிம்மியின் சங்கிலியை நான்தான் கழற்றிவிட்டேன். படலை (வெளி வாசல்) வரைக்கும் வந்தது. “திரும்பிப் பாராதை” என்றார் அம்மம்மா. அதற்குப் பிறகு ஜிம்மியைப் பார்க்கவே இல்லை. இங்கேயும் ஒருநாள் அப்படி வந்தால் மணியை என்ன செய்வேன்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவர் சொன்னதற்குப் பதில். தடவிக் கொடுங்கள். உட்காரச் சொல்லி பிஸ்கட் கொடுத்தால் நாய் உட்காரப் பழகும், ஏனென்றால் அது அவன் செய்கிற செயல். பயம் அப்படி இல்லை, தானாக வருவது. ஆறுதல் சொன்னால் அது வளராது. மணி உங்களிடம் வந்து ஒட்டிக்கொண்டால் உள்ளங்கையை முதுகில் பதித்து மெதுவாக நீவுங்கள். வராவிட்டால் இழுக்க வேண்டாம். குதிருக்குப் பின்னால் உள்ள சந்து அவனே தேர்ந்தெடுத்த இடம், அவனுடைய பங்கர் (பதுங்குகுழி). அங்கே உங்கள் பழைய புடவை ஒன்றை விரியுங்கள், தண்ணீர் வையுங்கள். வெளிச் சத்தம் மட்டுப்பட மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

கட்டிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. மிரண்ட நாய் கயிற்றில் சுற்றிக் கழுத்து இறுகிச் செத்துப்போகக்கூடும். வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டு வாசல் கதவைச் சாத்துங்கள். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். பயம் இப்படியே நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாட்டிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

டிவியை அணைத்துவிடலாம். அந்த மே 10-ஆம் தேதி, நிகழ்ச்சிகளில் சைரன் ஒலியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசே சேனல்களைக் கேட்டுக்கொண்டது. ஒலியின் கூர்மையை ஹெர்ட்ஸில் அளப்பார்கள். நாம் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் நாய் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். நமக்கே சகிக்காத சத்தம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

வானம் அமைதியாக இருக்கும் நாளில் ஒரு பயிற்சி செய்யலாம். போனில் ஜெட் சத்தத்தை மிகவும் சன்னமாக வைத்து, அவிச்ச முட்டையைத் துண்டு துண்டாகக் கொடுங்கள். அஞ்சு நிமிஷம் போதும். காதை நிமிர்த்திக்கொண்டே சாப்பிட்டால் சரி. சாப்பிடுவதை நிறுத்தினாலோ, கொட்டாவி விட்டு உதட்டை நக்கினாலோ சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே குறைத்துவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட வேண்டாம். அந்தச் சத்தத்தில் உங்களுக்கே நெஞ்சு படபடத்தால் போனைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். மணியை முன்னிட்டு உங்களை வருத்திக்கொள்ளக் கூடாது.

உங்கள் கை நடுங்குவது மனம் பலவீனமானதால் அல்ல. பொம்மர் (குண்டுவீச்சு விமானம்) இரைச்சல் கேட்டால் பங்கருக்கு ஓடு என்று 14 வயதில் உடம்பு படித்த பாடம் அது. ஜெட் கடக்கும்போது வெறுங்காலைத் தரையில் அழுத்தி, “இது தஞ்சாவூர், இது பயிற்சி விமானம்” என்று வாய்விட்டே சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடும்போது அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரல் தணிவது மணிக்கும் கேட்கும். இரவில் தூக்கம் கெட்டால், அந்த இரவு திரும்பத் திரும்பக் கண்முன் வந்தால், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

அப்படி ஒருநாள் வந்தால் என்று கேட்டீர்கள். போர் வராவிட்டாலும் டெல்டாவில் புயலும் வெள்ளமும் உண்டு. 2018-இல் கஜா வந்ததைப் பார்த்தீர்களே. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டை, ஒரு கயிறு, மூன்று நாளுக்கான உணவு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசலருகே மாட்டுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் அதே ஆணியில் மாட்டினால் எடுக்க மறக்காது. மணியை யார் பிடித்துக்கொள்வது என்று இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். 1995-இல் உங்களுக்கு அந்த நேரமே கிடைக்கவில்லை.

ஜிம்மியை விட்டுவிட்டு வந்தோம் என்ற குற்ற உணர்வு உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சங்கிலியைக் கழற்றிவிட்டேன் என்று. அந்த அவசரத்தில், அந்த இருட்டில், 14 வயதுப் பெண் தன் நாய்க்குச் செய்ய முடிந்தது அதுதான். அதைச் செய்துவிட்டுத்தான் கிளம்பினீர்கள். ஜிம்மி என்ன நிறம், எப்படிக் குரைக்கும் என்று வீட்டில் யாரிடமாவது இதுவரை சொல்லியிருக்கிறீர்களா? இன்று இரவு மணி பக்கத்தில் படுத்திருக்கும்போது சொல்லுங்கள். பிறகு எனக்கும் எழுதுங்கள்.